பெட்டியோடு திரிகிறவனிடம் மலையகத்தில் கேட்கும் கேள்விகள்

தேயிலை ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பனியில் விற்பனைப் பக்கம் எனக்கு வேலை. வீடு இலங்கை மலையகத்தில் தலவாக்கலை, கந்தோர் (அலுவலகம்) கொழும்பு. வாங்குகிறவர்கள் பக்தாத், இஸ்தான்புல், மொஸ்கோ, துபாய் என்று சிதறிக் கிடக்கிறார்கள். அதனால் வருடத்தில் பெரும்பகுதி பெட்டியும் கையுமாகவே போகிறது. ஊருக்கு வந்தால் சலூனில், கோயில் வாசலில், கலியாண வீட்டில் ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒரு தடவை உட்கார்ந்து பதிலை எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

இத்தனை நாடு போறீங்களே, டிவியில காட்டுற மாதிரிதான் எல்லாம் இருக்கா?

பாதி இருக்கும். கெமரா புகை வருகிற இடத்துக்குத்தான் போகும். பக்கத்துத் தெருவில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதைக் காட்ட அதற்கு நேரமில்லை. பக்தாத் என்றால் நம் ஆட்களுக்குக் குண்டுவெடிப்பு மட்டும்தான் தெரியும். அங்கே கடைத்தெருவில் நான் பார்ப்பது, சின்னக் கண்ணாடிக் குவளையில் கறுப்பாகத் தேநீரும் அடியில் கரையாமல் கிடக்கும் சீனியும். இலங்கைத் தேயிலையை மிக அதிகமாக வாங்கும் நாடுகளில் ஈராக்கும் ஒன்று. சண்டை நடந்த வருடங்களிலும் அவர்கள் தேநீர் குடிப்பதை விடவில்லை.

இதே கதை நமக்கும் நடந்தது. 2022 ஜூலை 9ஆம் திகதி கொழும்பில் ஜனாதிபதி மாளிகைக்குள் சனம் புகுந்து நீச்சல் தடாகத்தில் குளித்த படம் உலகம் முழுக்கப் போனது. இஸ்தான்புல்லில் எனக்குப் பழக்கமான வியாபாரி ஒருவர் உடனே போன் எடுத்து, வீட்டில் எல்லாரும் பத்திரமா என்று கேட்டார். தலவாக்கலையில் அப்போது பிரச்சினை வேறு. மண்ணெண்ணெய் இல்லை, காஸ் இல்லை, கொழுந்து ஏற்றுகிற லொறிக்கு டீசல் இல்லை. மலையில் கொழுந்து பறிப்பு நடந்துகொண்டுதான் இருந்தது. தடாகத்துப் படத்தைப் பார்த்து இதில் ஒன்றையும் தெரிந்துகொள்ள முடியாது.

அதனால் எந்த ஊரில் இறங்கினாலும் பேக்கரி வாசலையும் பெற்றோல் செட்டையும் பணம் மாற்றுகிற கடையின் பலகையையும் பார்த்துவிடுவேன். பலகையில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி அகலமாக இருந்தால், அந்த ஊர்க்காரர்களுக்கே தங்கள் காசின்மேல் நம்பிக்கை போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்கவிட்டபோது கொழும்பிலும் அப்படித்தான் இருந்தது. 200 ரூபாய்ச் சொச்சத்தில் நின்ற டொலர் சில மாதங்களுக்குள் 360ஐத் தொட்டது.

எங்கேயோ யுத்தம், எங்கேயோ தடை. அதுக்கும் நம்ம தோட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?

இந்தக் கேள்வி கிடைத்தால் நான் லேசில் விடமாட்டேன்.

மலையெல்லாம் தேயிலையானதே ஒரு கெட்ட செய்தியால்தான். 1869இல் இங்கே கோப்பி இலையில் துரு நோய் விழுந்தது. சில பத்து வருடங்களில் கோப்பித் தோட்டங்கள் போய், அந்த இடத்தில் தேயிலை ஏறியது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் நட்டு வைத்திருந்தது அப்போது கைகொடுத்தது. கொழும்பில் தேயிலை ஏலம் 1883இல் தொடங்கியது. இன்றைக்கு அது கணினியில் நடக்கிறது என்பதைத் தவிர, உள்ளே இருக்கிற கணக்கு மாறவில்லை: வெளியே ஒருவன் தும்மினால் இங்கே விலை ஆடும்.

2017 டிசம்பரில் நடந்ததைச் சொல்கிறேன். ரஷ்யாவுக்குப் போன தேயிலைச் சரக்கு ஒன்றில் கப்ரா வண்டு கிடந்தது என்று சொல்லி, இலங்கையிலிருந்து வரும் விவசாயப் பொருட்களுக்கு ரஷ்யா தற்காலிகத் தடை போட்டது. கப்ரா வண்டு தானியக் களஞ்சியங்களைத் தின்னும் பூச்சி, தேயிலைச் செடிக்கும் அதற்கும் தொடர்பில்லை. அதே காலத்தில் இலங்கை அஸ்பெஸ்டஸ் கூரைத் தகடுகளுக்கான இறக்குமதியைக் கட்டுப்படுத்தப் போவதாக அறிவித்திருந்தது. அஸ்பெஸ்டஸ் நமக்கு ரஷ்யாவிலிருந்துதான் பெருமளவில் வருகிறது. இலங்கை அந்த முடிவைத் தள்ளி வைத்தது. ரஷ்யாவும் மாதம் முடிவதற்குள் தேயிலைத் தடையை எடுத்தது. வண்டின்மேல் யாருக்கு எவ்வளவு கோபம் இருந்தது என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

ஈரான் கதை இதைவிட விசித்திரம். ஈரானிடம் வாங்கிய எண்ணெய்க்கு இலங்கை 251 மில்லியன் டொலர் கடன்பட்டிருந்தது. அமெரிக்கத் தடைகளால் டொலரில் கட்டுவதும் சிக்கல், பிறகு கட்டுவதற்கு டொலரே இல்லை. 2021 டிசம்பரில் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள்: மாதம் 5 மில்லியன் டொலர் பெறுமதியான தேயிலையை அனுப்பிக் கடனைக் கழிப்பது. இங்கே ஏற்றுமதியாளருக்குக் காசு ரூபாயில் கிடைக்கும். நாடுகள் இரண்டு பண்டமாற்றுச் செய்வதை நம் தாத்தாமார் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். அவர்கள் பொலித்தீன் பையும் டொலரும் இல்லாத காலத்தில் அதைத்தான் செய்தார்கள்.

அப்புறம் ஒரு விஷயம், தொழிலில் இருக்கிறவன் என்பதால் சொல்ல வேண்டும். மத்திய கிழக்கும் ரஷ்யாவும் விரும்பி வாங்குவது பெரும்பாலும் காலி, இரத்தினபுரிப் பக்கத்துத் தாழ்நிலத் தேயிலையை. இலை சுருண்டு கறுப்பாக இருக்கும், சாயம் இறங்கும். 4,000 அடிக்கு மேலே நம் மலையில் விளைகிறது வாசத்துக்குப் பேர் போனது; தலவாக்கலையைச் சுற்றிய திம்புல்லைக்கு ஜனவரியிலிருந்து மார்ச் வரையும், பதுளைப் பக்கத்து ஊவாவுக்கு ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரையும் நல்ல பருவம். ஆகவே பக்தாத்தில் ஒரு பிரச்சினை என்றால் முதல் அடி விழுவது நுவரெலியாவில் இல்லை. ஆனால் ஏலம் ஒன்றுதான், டொலரும் ஒன்றுதான், கப்பலும் ஒன்றுதான். கொஞ்சம் பிந்தி வந்து சேரும்.

கப்பல் என்றதும் செங்கடல். 2023 நவம்பரில் யேமனின் ஹூதிப் படையினர் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியதும் பெரிய கம்பனிகள் சூயஸை விட்டு ஆபிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போகத் தொடங்கின. ஐரோப்பாவுக்கும் துருக்கிக்கும் போகிற பெட்டிகள் பத்து நாள், பதினைந்து நாள் பிந்தின, கூலியும் ஏறியது. அதே செய்தி கொழும்புத் துறைமுகத்துக்கு லாபமாகவும் இருந்தது, ஏனென்றால் பாதை மாறிய கப்பல்கள் சரக்கு மாற்ற இங்கே வந்தன. ஒரே செய்தி கொழும்பில் ஒருவனுக்கு இனிப்பு, தலவாக்கலையில் இன்னொருவனுக்குக் கசப்பு. செய்தி வாசிக்கிறவர் இந்தப் பக்கத்தைச் சொல்வதே இல்லை.

லயத்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு) அடுப்புக்கு நேராக வந்தது உக்ரைன் யுத்தம்தான். 2022 பெப்ரவரி 24ஆம் திகதி அது தொடங்கியது. கோதுமை ஏற்றுமதியில் ரஷ்யாவும் உக்ரைனும் பெரிய கைகள். மே மாதம் இந்தியாவும் கோதுமை ஏற்றுமதியைத் தடுத்தது. இங்கே டொலரும் இல்லை. காலையில் மலைக்குப் போகிறவர் கையில் கொண்டுபோவது கோதுமை மா ரொட்டியும் சம்பலும். மாவின் விலை மடங்கு மடங்காக ஏறியபோது, பெயரைச் சரியாகச் சொல்லத் தெரியாத ஒரு நாட்டின் சண்டை ரொட்டியின் அளவைக் குறைத்தது. அதற்கு முந்திய வருடம் நம் அரசாங்கமே இரசாயன உரத்தை ஒரே நாளில் நிறுத்தியிருந்தது. 2021இல் கிட்டத்தட்ட 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி 2022இல் 25 கோடி கிலோவாக இறங்கியது. இதற்கு வெளியாளைக் குறை சொல்ல முடியாது.

எனக்கு மனதில் உறுத்துவது ஒன்று உண்டு. கெட்ட செய்தி வந்தால் மாவின் விலை அதே கிழமையில் ஏறுகிறது. நல்ல செய்தி வந்து ஏலத்தில் விலை ஏறினால், பறிக்கிறவரின் நாட்கூலி அதோடு சேர்ந்து ஏறுவதில்லை. கூலி அரசாங்க அறிவித்தலான வர்த்தமானியில் வர வேண்டும். 1,000 ரூபாய்க்கு 2021 வரை காத்திருந்தார்கள், 1,350க்கு 2024 வரை. உலகச் செய்தியின் நட்டம் லயத்துக்கு நடந்து வரும், லாபம் வழியில் எங்கேயாவது இறங்கிக்கொள்ளும்.

வட்ஸ்அப்பில வர்றத நம்பலாமா? நீங்க எதைப் பார்ப்பீங்க?

எங்கள் அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கர், கொழுந்தைத் தூளாக்கும் வேலையைப் பார்க்கிறவர். ராத்திரி இலை வாடப்போட்டுவிட்டு வந்து வானொலியைத் திருகுவார். லண்டனிலிருந்து வரும் பி.பி.சி. தமிழோசையைக் கேட்காமல் படுக்க மாட்டார். 1941இல் தொடங்கிய அந்தச் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30ஆம் திகதியோடு நின்றது. 1983 ஆடிக் கலவரம் பதுளை வரைக்கும் வந்த காலத்தில், எந்த டவுனில் என்ன நடக்கிறது என்பது உயிர்ப் பிரச்சினையாக இருந்தது. அப்பா ஒரே செய்தியைக் கொழும்பு வானொலியில் ஒரு தடவையும் லண்டனில் ஒரு தடவையும் கேட்பார். இரண்டிலும் எது ஒத்துப்போகிறதோ அதை மட்டும் பக்கத்து வீட்டுக்குச் சொல்வார்.

நானும் ஏறக்குறைய அதைத்தான் செய்கிறேன். சண்டை போடுகிற இரண்டு பக்கத்துப் பத்திரிகையையும் பார்ப்பேன், மொழிபெயர்ப்புப் பொறி அரைகுறையாகச் சொன்னாலும் போதும். தன் பக்கத்துக்குப் பாதகமான ஒன்றை ஒரு பத்திரிகை ஒப்புக்கொண்டால் அது பெரும்பாலும் உண்மை. வீடியோ வந்தால் கடைப் பெயர்ப்பலகை, வாகன இலக்கத் தகடு, வெயிலா மழையா என்று பார்ப்பேன். பெய்ரூட் துறைமுக வெடிப்பின் வீடியோவை வேறு யுத்தங்களின் பெயரில் எனக்கு அனுப்பாத சொந்தக்காரர் குறைவு. அது 2020 ஓகஸ்ட் 4ஆம் திகதி நடந்தது.

இதையெல்லாம்விட நான் நம்புவது ஒன்று இருக்கிறது: கப்பலுக்கான யுத்த அபாயக் காப்புறுதிக் கட்டணம். தலைவர்கள் சமாதானம் என்று பேசுவார்கள், ஆய்வாளர்கள் உலக யுத்தம் என்று பேசுவார்கள். காப்புறுதிக்காரன் தப்பாகச் சொன்னால் அவன் காசு போகும், அதனால் அவன் கணக்கு நிதானமாக இருக்கும். கட்டணம் இறங்கத் தொடங்கிவிட்டால், தொலைக்காட்சியில் இன்னும் சிவப்பு எழுத்து ஓடினாலும், நான் டிக்கெட் போடுவேன்.

தம்பி, மகள் குவைத்தில வீட்டு வேலை. யுத்தம்னு செய்தி வந்தா நெஞ்சு அடைக்குது. என்ன செய்யிறது?

அக்கா, முதலில் உலகப் படத்தைப் பாருங்கள். பேப்பரில் "மத்திய கிழக்கு" என்று ஒரே சொல்லாகப் போட்டுவிடுவார்கள். லெபனானில் குண்டு விழுந்தால் குவைத் அங்கிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால். சில நேரம் பக்கத்திலும் நடக்கும், இல்லை என்று சொல்லவில்லை. 2025 ஜூன் 23ஆம் திகதி ஈரான், கட்டாரில் உள்ள அமெரிக்க விமானத் தளத்துக்கு ஏவுகணை அனுப்பியது. கட்டார் சில மணித்தியாலம் வான்பரப்பையே மூடியது. டோஹா வழியாக வர இருந்த எத்தனையோ பேர் நடுவழியில் மாட்டினார்கள். மறுநாளே விமானங்கள் ஓடத் தொடங்கின.

பயப்படுகிற நேரத்தில் தேடுவதைவிட, அமைதியான ஒரு ஞாயிற்றுக்கிழமை சில தாள்களைச் சேர்த்து வையுங்கள். மகளுடைய கடவுச்சீட்டின் முதல் பக்கம், விசா, அந்த நாட்டு அடையாள அட்டை, வீட்டுக்காரரின் முழுப் பெயரும் போன் நம்பரும், வீட்டு விலாசம் அரபியில் எழுதியபடி. அதையெல்லாம் படமெடுத்து உங்கள் போனிலும் இன்னொருவர் போனிலும் வையுங்கள். இலங்கைத் தூதரகத்தின் நம்பரை மகள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும், போன் பறிபோனாலும் வாயில் இருக்கும். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து போயிருந்தால் இங்கிருந்து 1989க்கு எடுத்துப் பேசலாம். பதியாமல் போனவர்களுக்கு இங்கே கேட்க நாதியில்லாமல் போவதை நான் பார்த்திருக்கிறேன், அதனால் இனிப் போகிற பிள்ளைகளுக்காவது சொல்லுங்கள்.

இன்னொன்று. பதற்றத்தில் "வீட்டை விட்டு ஓடி வா" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வளைகுடாவில் வேலைக்காரரின் விசா வீட்டுக்காரர் பேரில் கட்டப்பட்டிருக்கிறது. சொல்லாமல் வெளியேறினால் ஓடிப்போனதாக முறைப்பாடு போகும், பிறகு ஊருக்கு வருவதே சிக்கலாகும். அடி, கொடுமை என்றால் கதை வேறு; அப்போது நேரே தூதரகத்துக்குத்தான் போக வேண்டும்.

நம்ம பாஸ்போட்டுக்கு வெளியில மரியாதை இருக்கா?

குறைவுதான். சிங்கப்பூருக்கு விசா இல்லாமல் போகலாம், அப்படிச் சில இடங்கள் உண்டு. ஐரோப்பா என்றால் வங்கிக் கணக்கு, கம்பனிக் கடிதம், ஹோட்டல் பதிவு, திரும்பி வருவேன் என்பதற்கு அத்தாட்சி என்று ஒரு கட்டுத் தாள். ஒரு விமான நிலையத்தில் எனக்கு முன்னால் போன ஐரோப்பியருக்கு ஒரு முத்திரை, எனக்குத் தனி அறையும் கேள்விகளும். பழகிவிட்டது. கோபப்பட்டால் அடுத்த விமானம் போய்விடும்.

தோட்டத்திலிருந்து முதல் தடவை எடுக்கிறவர்களுக்கு உண்மையான தலைவலி பெயர்தான். பிறப்புச் சான்றிதழில் சிங்களத்தில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் ஒரு மாதிரி, பள்ளிக்கூடத்தில் இன்னொரு மாதிரி எழுதியிருப்பார்கள். "முத்தையா" மூன்று ஆளாகிவிடுவார். கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கும் முன்பே மூன்றையும் ஒன்றாக்கிக்கொள்ளுங்கள், நாள் பிடிக்கும். தலைமைக் காரியாலயம் இருக்கிற பத்தரமுல்லை வரை போகத் தேவையில்லை, கண்டியிலும் ஒரு பிராந்தியக் காரியாலயம் இருக்கிறது.

வெளியில யாராவது "எந்த ஊர்?"னு கேட்டா என்ன சொல்வீங்க?

இலங்கை என்பேன். தமிழ் பேசுவதைக் கேட்டதும் "இந்தியாவா?" என்று வரும். இலங்கைத் தமிழன் என்றால் "யாழ்ப்பாணமா?" என்று வரும். இல்லை, தேயிலை மலை என்றால்தான் கொஞ்சம் நேரம் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும். அந்த நேரம் இருந்தால் பேசுவேன், விமானத்துக்கு நேரமானால் யாழ்ப்பாணம் என்றே விட்டுவிடுவேன்.

பேச வேண்டியது இவ்வளவுதான். 1948 குடியுரிமைச் சட்டம், தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்த வம்சமான எங்கள் பாட்டன் பாட்டிமாரை நாடில்லாதவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30ஆம் திகதி இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் பாதிப்பாதியாகப் பங்கிட்டார்கள். இரண்டு நாட்டின் தலைவர்கள் பேசிய அந்தச் செய்தி இங்கே லயங்களில் அண்ணனை ஒரு பக்கமும் தம்பியை ஒரு பக்கமும் நிறுத்தியது. கடைசி மிச்சம் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் தீர்ந்தது.

ஒரு தடவை குன்னூர்த் தேயிலை ஏலத்துக்குப் போனவன், அப்படியே கூடலூர்ப் பக்கமும் போனேன். திரும்பிப் போனவர்களுக்கு வேலை கொடுக்கத் தமிழ்நாடு அரசு 1968இல் தொடங்கிய தோட்டங்கள் நீலகிரியில் இருக்கின்றன. கூடை, கங்காணி, மாரியம்மன் கோயில் எல்லாம் நம்முடையது மாதிரியே. ஒரு வயதான அம்மா நான் இலங்கை என்றதும் "ஹட்டன்ல இப்பவும் பஸ் ஸ்டாண்ட் அங்கேதான் இருக்கா?" என்று கேட்டார். பக்கத்து ஊர்க்காரர்கள் அவரை இன்னும் "சிலோன்காரம்மா" என்கிறார்களாம். இங்கே இருந்தவரைக்கும் இந்தியாக்காரி, அங்கே போனதும் சிலோன்காரி.

பிளேன்ல தேத்தண்ணி நல்லாவே இல்லையே, ஏன்?

எல்லாரும் சொல்கிற காரணம், உயரத்தில் தண்ணீர் சரியாகக் கொதிக்காது என்பது. விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருக்கும் அளவுக்கு வைக்கப்படுகிறது. நுவரெலியா டவுன் 6,000 அடிக்குக் கொஞ்சம் மேலே. அங்கேயும் தண்ணீர் 94 பாகைக்குக் கிட்டத்தான் கொதிக்கிறது. நுவரெலியாவில் நல்ல தேத்தண்ணி குடிக்காதவர் யார்? அப்படியானால் உயரத்தின்மேல் பழி போட முடியாது. தொட்டித் தண்ணீர், காகிதக் குவளை, மலிவான பை, இரண்டு நிமிடம் ஊறவிடப் பொறுமையில்லாதது: இவைதான் காரணம். நான் சுடுதண்ணீர் மட்டும் வாங்கி, சட்டைப் பையில் கொண்டுபோகும் இலையைப் போட்டுக்கொள்வேன்.

சாப்பாட்டுக்கு என்ன செய்வீங்க?

கிடைத்ததைச் சாப்பிடுவேன். கட்டச்சம்பல் ஒரு போத்தல் பெட்டியில் இருக்கும், கைப்பையில் வைத்தால் பிடுங்கிவிடுவார்கள்.

வீட்டை விட்டு இப்படியே சுத்திக்கிட்டிருக்கிறது கஷ்டமா இல்லையா?

நல்லது கெட்டது தவறும். தேர்த் திருவிழாவை வீடியோவில் பார்ப்பதோடு சரி, அதற்கு மனது பழகிவிடும். சாவு வீட்டுக்குப் பழக முடியாது. மலையில் ஒருவர் போனால் தோட்டமே வேலையை நிறுத்திவிட்டுக் கூடும். பந்தல், பிளேன்டீ, ராத்திரி முழுக்க சீட்டாட்டம். அந்தக் கூட்டத்தில் இல்லாதவனை யாரும் குறை சொல்லமாட்டார்கள், ஆனால் ஞாபகம் வைத்திருப்பார்கள்.

வெளியில் இருக்கும்போது செய்தி அளவுக்கு மீறிப் பெரிதாகத் தெரியும், அதுவும் ஒரு கஷ்டம். ஹோட்டல் அறையில் தனியாக இருப்பவனுக்கு டிவிதான் துணை. காலையில் எழுந்ததும் அதைப் போடுவதில்லை என்று வைத்திருக்கிறேன். கீழே இறங்கி ஒரு தேநீர்க்கடையில் அரை மணி உட்கார்ந்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். மொழி தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஊர் பதறுகிறதா இல்லையா என்பது குரலிலேயே தெரிந்துவிடும்.

ஊரில மண்சரிவு, நீங்க வெளியில. அப்ப என்ன செய்வீங்க?

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது நான் துபாயில். வெளிநாட்டுச் செய்திகளில் முதலில் வந்தது களனி ஆற்று வெள்ளம், கொழும்பைச் சுற்றிய படங்கள். பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளைப் பக்கம்தான் மலை சரிந்து பெரிய சாவு நடந்தது. ஆனால் பாதை உடைந்து, கரண்ட் போய், டவர்கள் செத்துக் கிடந்தன. படம் எடுக்கப் போக வழியில்லை, எடுத்தவர்களுக்கு அனுப்ப வழியில்லை. நாடு முழுக்கச் செத்தவர்கள் 600 பேருக்கு மேல் என்று பிறகு தெரிந்தது. செய்தி வராத இடம் பத்திரமான இடம் என்று நினைக்கக் கூடாது என்பதை மலையகத்தார் மறக்கவே மாட்டார்கள். போன் வேலை செய்கிற ஆட்கள்தான் முதலில் செய்தியாகிறார்கள்.

அதற்குப் பிறகு வீட்டில் ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறோம். மலைக்கு வெளியே, கம்பளைக்குக் கீழே, ஒரு சொந்தக்காரர் வீடு பொது இடம். லைன் கிடைக்கிறவர் யாராயிருந்தாலும் அங்கே ஒரு குறுஞ்செய்தி போட வேண்டும், நானும் அங்கேதான் கேட்பேன். எல்லாரும் எல்லாருக்கும் போன் அடித்து இருக்கிற பேட்டரியைத் தீர்க்கக் கூடாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படியாகப் பிரதேச செயலகப் பிரிவுவாரியாக வெளியிடுகிறது. சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். துபாயிலிருந்தும் அதைப் பார்க்க முடியும், அம்மா பார்க்காவிட்டாலும் நான் பார்த்து அம்மாவை அதட்டலாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் நம்பர் 117. லயத்துக்குப் பின்னால் வெடிப்பு, சாய்கிற மரம், திடீரென்று கலங்கி வருகிற ஊற்று இவை கண்ணில் பட்டால் வர்ணத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

எச்சரிக்கை மட்டும் போதாது என்பதும் தெரிந்ததுதான். கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29ஆம் திகதி மலை இறங்கியபோது, அந்த இடம் ஆபத்தானது என்று முன்னமே சொல்லப்பட்டிருந்தது. போகச் சொன்னால் எங்கே போவது என்று கேட்க ஆட்களுக்கு உரிமை இருக்கிறது. சொந்த நிலமில்லாதவரிடம் "இடம் மாறுங்கள்" என்று சொல்வது பாதி வாக்கியம்தான்.

எல்ல பக்கம் வர்ற வெள்ளக்காரங்க நம்மளப் பத்தி என்ன நினைக்கிறாங்க?

நானும் வெளியூரில் அவர்களைப் போலத்தான் திரிகிறேன், அதனால் ஏசுவதற்கு நா எழாது. கோச்சி (ரயில்) கதவில் தொங்கிப் படம் எடுக்கிறார்கள். 1921இல் கட்டிய தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்க மணிக்கணக்கில் காத்திருக்கிறார்கள். கொழுந்து பறிக்கிற பெண்ணைச் சிரிக்கச் சொல்கிறார்கள். அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்கிறவர் குறைவு, கேட்கிறவரும் இருக்கிறார். மொஸ்கோவில் ஒரு வாடிக்கையாளர் தன் பிள்ளைகள் எடுத்த அப்படியொரு படத்தைக் காட்டினார். அதில் அந்தப் பெண் அட்டைப்பூச்சிக்குப் பயந்து சாக்கைக் காலில் சுற்றியிருந்தது தெரிந்தது. அது என்ன என்று கேட்டார், சொன்னேன். மழைக்காலத்தில் தேயிலைக்குள் அட்டை ஏறும் என்பது இத்தனை வருடம் தேயிலை வாங்கிய அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

கட்டுநாயக்கவில இருந்து மேலே வர எந்த வழி நல்லது?

பெட்டி கனமென்றால் கொழும்பு போய் அவிசாவளை, கித்துல்கலை, கினிகத்தேனை வழியாக ஹட்டன். கித்துல்கலைக்கு மேலே வளைவு அதிகம், வாந்தி எடுக்கிறவர்கள் முன்னால் உட்காரவும். பின்னேரத்துக்குப் பிறகு மூடுபனி இறங்கிவிட்டால் சாரதியை அவசரப்படுத்த வேண்டாம். கண்டிப் பக்கம் போகிறவர்கள் விமான நிலையத்திலிருந்து நேரே மீரிகமைப் பக்கமாக ஏறிவிடலாம், கொழும்புக்குள் போகத் தேவையில்லை.

நேரம் இருந்தால் கோட்டையிலிருந்து கோச்சி. டித்வா மலைப் பாதையைப் பல இடத்தில் உடைத்துவிட்டது, அதனால் எதுவரை ஓடுகிறது என்று அன்றன்றைக்கு ஸ்டேஷனில் கேட்டுக்கொண்டு ஏறுங்கள். மேலே போகும்போது வலது பக்க ஜன்னலா இடது பக்கமா என்று ஒரு சண்டை எப்போதும் உண்டு. நாவலப்பிட்டி தாண்டினால் இரண்டு பக்கமும் தேயிலைதான், கிடைத்த இடத்தில் உட்காருங்கள். வடைக்காரர் ஏறினால் சுடச்சுட இருக்கும்போதே வாங்கிவிடுங்கள், அடுத்த பெட்டிக்குப் போனால் திரும்பி வரமாட்டார்.